பத்தாவது பாட்டு

மூன்றாவது வரியில் விசில் கேட்டது.

எவரிஸ்தோ ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடிக்கு அப்பால் யாரெட்சி பாடுவதை நிறுத்தினாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, பத்ரினோ."

சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டியின் நீராவி விசில். மெக்சிகோ நகரத்தில் அதைத் தடுக்கும் சுவரை இன்னும் யாரும் கட்டவில்லை.

யாரெட்சியின் முதல் ஆல்பம். பத்துப் பாட்டு. ஒன்பது முடிந்துவிட்டது. அவற்றைப் பதிவு செய்த மூன்று வாரமும் தெரு மூச்சுவிடவில்லை.

பத்தாவது பாட்டு எவரிஸ்தோ எழுதியது. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் பாட்டைப் பதிவு செய்தவர். அவருடைய சொந்தப் பாட்டு ஒன்றுகூட வெளிவந்ததில்லை. யாரெட்சியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் அவர். அதனால்தான் அவளுக்கு அவர் பத்ரினோ. ஸ்டுடியோவை அவளுக்குச் சும்மா கொடுத்ததும் அதனால்தான்.

பாட்டின் பெயர் 'உன் இதயம் ஒரு பார்க்கிங்'.

*எல்லா வண்டிக்கும் இடமிருக்கிறது,*
*காவலுக்கு ஆளும் இருக்கிறது,*
*என் வண்டி மட்டும் மழையில்.*

முதல்முறை படித்துக் காட்டியபோது யாரெட்சி தாளை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ரொம்ப வித்தியாசமா இருக்கு, பத்ரினோ" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று திங்கள். வெள்ளிக்கிழமை ஆல்பத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

அவர் கீழே இறங்கினார். வண்டிக்காரர் தோன் இலாரியோ கிழங்கின்மேல் சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தோன் இலாரியோ, அரைமணி நேரம் ஊதாம இருக்கக் கூடாதா?"

"நானா ஊதுறேன், மாஸ்டர்? ஆவி ஊதுது. அடைச்சு வச்சா வெடிக்கும்."

"அடுத்த தெருவுக்குப் போங்களேன்."

"அங்கே என் மச்சான் ஊதுறான்."

எவரிஸ்தோ தன் கட்டில் மெத்தையை இறக்கி, வாசல் கதவுக்கு வெளியே சாய்த்துக் கட்டினார். பதிவை மறுநாள் நண்பகலுக்கு மாற்றினார். கிழங்கு வண்டி மாலையில்தான் வரும்.

மறுநாள் நண்பகல், மெத்தை அடைத்ததில் உள்ளே காற்றில்லை. யாரெட்சி கழுத்தைத் துடைத்தாள். சிவப்புத் துண்டை நேற்றைப் போலவே பால்கனிக் கம்பியில் காயப்போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"உருகிப் பாடு, மகளே."

"உருகிக்கிட்டுதான் இருக்கேன், பத்ரினோ."

முதல் வரி. இரண்டாவது வரி. ஒலிபெருக்கி அலறியது: "மெத்தை, அடுப்பு, வாஷிங் மெஷின், பழைய இரும்பு எடுக்கிறோம்!"

பால்கனிக்கு ஓடினார். கீழே இரண்டு பேர் அவருடைய மெத்தையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அது என்னுது!"

"வெளியே வச்சா எங்களுதுன்னு அர்த்தம், மாஸ்டர்!"

லாரி போய்விட்டது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பதிவு. தரையில் படுத்ததில் எவரிஸ்தோவின் கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை. யாரெட்சி துண்டைக் காயப்போட்டாள். பாடினாள். மூன்றாவது வரியில் கத்தி சாணை பிடிப்பவரின் குழல் ஒலித்தது.

எவரிஸ்தோ அவரை மாடிக்கே கூப்பிட்டார். வீட்டிலிருந்த எல்லாக் கத்திகளையும் கொடுத்தார். வேலை இருந்தால் குழல் ஊத மாட்டார் என்பது கணக்கு.

ஊதவில்லை. சாணை பிடித்தார்.

"மனுஷா, நான் இங்கே பாட்டு பதிவு பண்றேன்!"

"பண்ணுங்க மாஸ்டர். எனக்குத் தொந்தரவே இல்ல."

அன்று மதியம் தக்காளி நறுக்கும்போது எவரிஸ்தோ கட்டைவிரலையும் நறுக்கிக்கொண்டார். இனி பொத்தானை அழுத்துவதும் இடதுகையால்தான்.

வியாழன் மாலை கடைசி வாய்ப்பு. தோன் இலாரியோவை ஸ்டுடியோவுக்குள் அழைத்து, நாற்காலி போட்டு, காபி கொடுத்தார்.

"இங்கேயே உட்காருங்க. என் கண்ணு முன்னாடி."

"மரியாதைக்கு நன்றி, மாஸ்டர். வண்டியில நெருப்பு..."

"இருக்கட்டும்!"

யாரெட்சி துண்டோடு பால்கனிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். அன்று உண்மையாகவே நன்றாகப் பாடினாள். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. எவரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே விசில் எழுந்தது. நிற்கவில்லை. தெருநாய்கள் சேர்ந்துகொண்டன. ஒரு காரின் அலாரமும் சேர்ந்துகொண்டது.

"சொன்னேனே," என்றார் தோன் இலாரியோ, காபியை உறிஞ்சியபடி. "ஆவித் திருகை மூட வண்டியில ஆளில்ல."

வெள்ளிக்கிழமை கம்பெனி அம்மாளுக்கு அவரே போன் செய்தார்.

"பத்தாவது பாட்டு முடியல, மேடம். தெரு விடல."

"ஒன்பதே போதும்."

இவ்வளவு சீக்கிரம் சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் ஆல்பம் வெளியானது. ஊரெல்லாம் அந்த ஒன்பது பாட்டும் கேட்டன. பேருந்தில், முடிதிருத்தும் கடையில், பழைய இரும்பு லாரியில்கூட. அடுத்த வாரம் ஒரு மாலை ஸ்டுடியோவில் விருந்து. தெருவே வந்திருந்தது. செம்பருத்தித் தண்ணீரும், சோளத்தோலில் கட்டி வேகவைத்த தமால் கொழுக்கட்டையும் சுற்றி வந்தன. கத்தி சாணைக்காரர் மூன்றாவது தமாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எவரிஸ்தோ கிட்டாரை எடுத்தார்.

"நண்பர்களே, இந்த ஆல்பத்துல ஒரு பாட்டு குறையுது. அது யார் குத்தமும் இல்ல. இன்னிக்கு நானே பாடுறேன்."

எதிர்வீட்டு தோன்யா எலொதியா தன் தம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

"பாடுங்க, மாஸ்டர்," என்றார். "எப்படியும் பாடத்தானே போறீங்க."

"ஒரு நிமிஷம், பத்ரினோ," என்று யாரெட்சி எழுந்தாள். "வியர்க்குது." பால்கனிக்குப் போய்விட்டு வந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். முதல் வரியைப் பாடினார். இரண்டாவது வரியையும் பாடினார். தெரு மௌனமாக இருந்தது. இத்தனை நாள் கழித்து அந்த மௌனம் கிடைத்ததில் அவர் குரல் தழுதழுத்தது.

கீழேயிருந்து தோன் இலாரியோ கூவினார்:

"யாரெட்சிம்மா, சிவப்புத் துண்டைப் பார்த்துட்டேன்! ஆல்பம்தான் வந்துடுச்சே, இன்னும் நான் ஊதணுமா?"