பட்டுப் பாவாடை விற்பனை தொடர்பாகச் சம்பந்திக்கு

மூங்கில்துறைப்பட்டு, மரியாதைக்குரிய சம்பந்தி தெய்வசிகாமணி அவர்களின் சமூகத்துக்கு, கள்ளக்குறிச்சி பத்திர எழுத்தர் காசிநாதன் வணங்கி எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் யாவரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நம்ப வேண்டியிருக்கிறது. தாங்கள்தான் மூன்று நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லையே.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு பேத்தி தேவதர்ஷினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் நம் வழக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் ஊசி இறங்கியதில்லை. தங்கள் மகன் தமிழழகன் வருவானா மாட்டானா என்பது தெரியாமல் இங்கே நான் சோற்றில் கை வைத்து நாளாகிறது. வாட்ஸப்பில் தாங்கள் எதைப் படித்திருப்பீர்கள் என்று அறிவேன். எழுதியவன் நான்தான். ஆனால் அது எந்த நிலையில் எழுதப்பட்டது என்பதைத் தாங்கள் கேட்டே ஆக வேண்டும்.

காதுகுத்துக்கு வரும் தங்கள் குடும்பத்தார் தங்குவதற்கு ஓர் அறை வேண்டும் என்று என் மனைவி செவ்வந்தி சொன்னாள். அந்த அறையில் குழந்தைக்குச் சின்னதாகிப்போன துணி மூட்டைகளும், நடை பழகும் வண்டியும், கால் உடைந்த தொட்டிலும், மூடி இல்லாத பாத்திரங்களும் குடியிருந்தன. முன்பெல்லாம் உறவில் பிள்ளை பிறந்தால், நன்றாக வளர்ந்த குழந்தையின் பழந்துணியைத்தான் முதலில் உடுத்த வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இப்போது பிள்ளை பிறப்பதற்கு முன்பே துணி கூரியரில் வந்துவிடுகிறது. எனவே விற்பது என்று முடிவாயிற்று. எங்கே விற்பது என்பதில்தான் குடும்பம் சீரழிந்தது.

முதலில், துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அமிர்தம் என்ற அம்மாளைத் தெருவில் நிறுத்தினேன். மூட்டையை விரலால் கிளறிவிட்டு, "சின்னப் புள்ளைங்க துணி வாங்கறது இல்ல சார். பெரியவங்க பேண்ட்டு சட்டை இருந்தா குடுங்க. நீங்க போட்டுக்கினு இருக்கறது கூட சரிதான்" என்றார். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்து பழைய இரும்புக் கடை. நடைவண்டியைத் தராசில் வைத்த கடைக்காரர், "இரும்பு கம்மி, பிளாஸ்டிக் ஜாஸ்தி, பொம்ம படம் அதவிட ஜாஸ்தி" என்று திருப்பிக் கொடுத்தார். மலைமேல் சந்தையில் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூட்டையோடு வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிப் போனேன். அங்கே கடுக்காய் விற்றுக்கொண்டிருந்த பச்சையம்மாள் என்பவர் ஒரு சட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இன்னா சார், மலைக்கு மேலன்னா சாயம் போனது போதும்னு ஆரு சொன்னா? எம் பேத்தி போன வாரந்தான் போன்ல ஆர்டர் போட்டு வாங்கிக்கினா" என்றார். அவமானம் தாங்காமல், வந்ததற்கு அடையாளமாக அவரிடம் கடுக்காய் வாங்கினேன். இறங்கும்போது என்னிடம் இரண்டு மூட்டைகள் இருந்தன.

அதன் பிறகுதான் ஊர் வாட்ஸப் குழு. பழைய பொருளை வாங்குவதும் விற்பதுமாக அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நல்ல பொருளை முதலில் போட்டால் மற்றவையும் போகும் என்று, குழந்தைக்கு இனிச் சேராத அந்தச் சிவப்புப் பட்டுப் பாவாடையைப் படம் எடுத்தேன். மற்றவர்கள் "பாவாடை விற்பனைக்கு" என்று எழுதுவார்கள். நாற்பது வருஷம் கிரயப் பத்திரம் எழுதிய கைக்கு அது வரவில்லை. பொருள் யாரிடமிருந்து வந்தது என்று காட்டாமல் விற்பது யோக்கியமில்லை என்று பட்டது. ஆகவே, "மூங்கில்துறைப்பட்டு தெய்வசிகாமணி அவர்களால் தாய்வீட்டுச் சீராக அளிக்கப்பட்டு, அதுமுதல் எங்கள் சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும், யாதொரு வில்லங்கமும் இல்லாத மேற்படி பாவாடையில், இன்றுமுதல் எனக்கோ, என் வாரிசுகளுக்கோ, மேற்படி தெய்வசிகாமணி வகையறாவுக்கோ எவ்விதப் பாத்தியமும் தொடர்பும் கிடையாது" என்று எழுதினேன். பிழையில்லாத வாசகம். பதிவுக்குப் போயிருந்தால் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் பாவாடை ஊரார் கண்ணிலிருந்து மறைந்து, "தெய்வசிகாமணி வகையறாவோடு எவ்விதத் தொடர்பும் கிடையாது" என்பது மட்டும் வடக்கனந்தல் வரை போயிருக்கிறது. கோர்ட்டு வக்கீல் ஒருவர் தானாகவே கூப்பிட்டு, "சீர்ப் பொருள திருப்பிக் கேட்டாங்கன்னா பயப்படாதீங்க சார், ஒடச்சிடலாம்" என்றார். எதிர்வீட்டுத் தங்கமணி துக்கம் விசாரிக்கும் முகத்தோடு வந்து, "மருமவ வூட்லதான் இருக்குதா, போயிடிச்சா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி குடித்துப் போனார். தங்கள் மகள் எழில்மதி என்னைப் பார்த்து, "எங்கப்பா பேர ஏன் மாமா அதுல போட்டீங்க?" என்றது. "மூலம் காட்டாம எப்படிம்மா விக்கிறது?" என்றேன். "பாவாடைக்கு இன்னா மாமா மூலம்? பட்டுப்பூச்சி கிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?" என்றது. என் மகன் கலையரசன் சிரித்தான். செவ்வந்தி சிரிக்கவில்லை. "புள்ள துணிய வெல பேசினா வூட்டுக்கு ஆவாதுன்னு தலபாடா அடிச்சிக்கினேனே" என்று அவள் பேசாமல் இருக்கிறாள். அதாவது, என்னிடம் மட்டும்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, அந்த வாசகம் பாவாடையை மட்டுமே கட்டுப்படுத்தும், உறவைக் கட்டுப்படுத்தாது. பாவாடையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டோம். ஒருவர் கொடுத்ததை விலை பேசுவது எத்தனை பெரிய ஈனம் என்று உணர்ந்து, நிபந்தனை இல்லாத மன்னிப்பைக் கோருகிறேன். தமிழழகனை மட்டும் அனுப்பிவையுங்கள். குழந்தை தினமும் காதைத் தொட்டுக்கொண்டு, "மாமா எப்ப வரும்?" என்று கேட்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தமிழழகனுக்கு ஆசிகள். தங்கள் வயல் கரும்பு நல்ல எடை நிற்க வேண்டும்; கட்டுப்படியாகும் விலை கிடைக்க வேண்டும்.

தங்கள் அன்பை யாசிக்கும்,
காசிநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தங்கள் டிராக்டர் வாசலில் வந்து நின்றது. டிரெய்லர் நிறையச் சாமான். ஓட்டிவந்த சின்னராசு இறங்கி, "ஐயா பரண் மேல ஏறிக்கினு சாமானத்த எறக்கிக்கினே இருந்தாரு, அதான் போன் எடுக்கல. சம்பந்தி எழுதினதப் பாத்தா எந்தப் பழசும் போயிடும், நம்ம வூட்டுதுக்கும் அதே மாரி ஒண்ணு எழுதிப் போடச் சொன்னாரு" என்றான். மேலே, கட்டிலைப் பிடித்துக்கொண்டு தமிழழகன். குழந்தை அதற்குள் அவன் மடியில்.

என் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வந்தது. அது வழிவதற்குள் சாமான்களின் உச்சியில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கண்டேன். "அன்பளிப்பு: காசிநாதன் – செவ்வந்தி." நிச்சயதார்த்தத்தன்று நாங்கள் தங்களுக்குக் கொடுத்தது. இன்னும் நன்றாக ஓடுகிறது.

மேலே நான் கோரியிருக்கும் மன்னிப்பை இதன்மூலம் முழுமையாக ரத்து செய்கிறேன். டிராக்டரைச் சாமான்களோடு திருப்பி அனுப்புகிறேன். தாய்மாமனை மட்டும் காதுகுத்து முடியும் வரை நிறுத்திவைத்துக்கொள்கிறோம்.