சிறப்பு விருந்தினரை முடிவு செய்தது நான்தான்

இந்த ஜென்மத்தில் ஒரு தடவையாவது, என் மனைவி கலைமதி எதிரே உட்கார்ந்திருக்க, நான் ஆரம்பித்த பேச்சை நானே முடிக்க வேண்டும். இதுதான் நான் எடுத்த சபதம்.

பேராசையா இது? நீங்களே சொல்லுங்கள். பெயர் பரசுராமன். ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே மெஷின் சத்தம். போதாததற்கு எல்லார் காதிலும் அடைப்பான். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எவனுக்கும் கேட்காது. வீட்டில் சத்தமே கிடையாது. ஆனாலும் கேட்காது. எங்கள் வீட்டில் என் பேச்சு மைக் டெஸ்டிங் மாதிரி. ஒன், டூ வரைக்கும்தான். த்ரீ வந்ததாகச் சரித்திரமே இல்லை.

இந்த நிலையில்தான் எங்கள் நகர் நலச்சங்கத்தின் விளையாட்டு விழா வந்தது. நான் சங்கச் செயலாளர். வரவேற்புரை செயலாளருக்கு. மேடையில் நான், கையில் மைக். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள். குறுக்கே பேச வழியே இல்லை. நினைத்தபோதே உடம்பு சிலிர்த்தது.

கூட்டம் சேர ஒரு சிறப்பு விருந்தினர் வேண்டுமே! கலைமதி உடனே ஆளைச் சொன்னாள்.

"இன்னாங்க, எங்க சந்திராக்காவைக் கூப்புடுங்க. ஸ்கூல்ல எனக்கு சீனியர். பாஸ்கெட்பால்ல யூனிவர்சிட்டி டீமுக்கு ஆடுனவங்க."

"பேசுவாங்களா?"

"பேசுவாங்களாவா? மைக்கைப் புடிச்சா லேசுல வுட மாட்டாங்க."

"அப்ப வேணாம்."

"ஏன் வேணாம்? சங்கத்துக் காலி மனையில பொண்ணுங்க ஆட ஒரு பாஸ்கெட்பால் கம்பம் நடுங்கன்னு அவங்க சொன்னா நாலு பேர் கேப்பாங்க. நம்ம பொண்ணு மதிவதனி மொட்ட மாடியில அழுக்குத்துணிக் கூடையில பந்தைப் போட்டுனுகீறா. உங்க கண்ணுல படலையா?"

பட்டது. என் சட்டை உள்ளே இருக்கும்போதுதான் அவள் குறி தப்புவதேயில்லை. ஆனால் அந்த மனையில் கார் ஷெட் போடுவதாக வாக்குக் கொடுத்துத்தான் நான் செயலாளரானேன்.

"அது கார் ஷெட்டுக்குன்னு..."

"காரு நனைஞ்சா காய்ஞ்சிரும். புள்ளைக்கு வயசு போனா வருமா?"

"இதோ பாரு, செயலாளர்ன்ற முறையில நான்..."

"சரி, உங்க இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் 'உங்க இஷ்டம்' என்ற வார்த்தை வந்ததில்லை. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டொரு நாளில் கம்பெனி பஸ்ஸில் பிரவீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கள் மாடியில் குடியிருக்கும் பையன். கலைமதி வைக்கும் மீன்குழம்பில் பாதி அவனுக்குத்தான் போகும்.

"சார், மாசானம்னு ஒருத்தர் கீறாரு. திருநெல்வேலிக்காரரு. ஃபுட்பால்ல ஸ்டேட் டீம் கோல்கீப்பரா இருந்தவரு. கூப்புட்டா வருவாரு."

"நல்லா பேசுவாரா?"

"அதான் சார் ஒரே குறை. ஒரு வரிக்கு மேல பேச்சே வராது."

ஓடுகிற பஸ்ஸில் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கலைமதி குதித்தாள். "ஃபுட்பாலா? வேணவே வேணாம்! அந்த ஆள் இந்த நகர்ல கால வெச்சா நான் சோறு ஆக்க மாட்டேன்."

அவள் வேண்டாம் வேண்டாம் என்க, எனக்கு வீரம் ஏறிக்கொண்டே போனது. ஃபுட்பால்காரர் கோல் தடுப்பார், நீ கோள் மூட்டுவாய், உங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஆகும் என்று கேட்டேன். மனசுக்குள்தான். வெளியே கேட்க நான் என்ன பைத்தியமா? அன்று ராத்திரி ஓட்டலில் காய்ந்த பரோட்டா தின்றுவிட்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மாசானத்துக்கு போன் போட்டேன். ஜெயித்தது நான்தான். பல்தான் வலித்தது.

விழா நாள். விருந்தினரை அழைத்துவரச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வாடகைக் கார் அனுப்பினேன். நகரே பந்தலில் கூடிவிட்டது. கார் வரவில்லை. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம். ஒருவழியாக வந்தபோது மாசானம் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். பின்னாலேயே அவர் வீட்டம்மா. நல்ல உயரம். பந்தல் தோரணம் தலையில் இடிக்கக் குனிந்து வந்தார். கலைமதி ஓடிப்போய் அந்தம்மாள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். பரவாயில்லையே, கோபம் தணிந்துவிட்டதே என்று நினைத்தேன்.

நான் மைக்கைத் தொடும்போது கலைமதி மேடையோரம் வந்தாள்.

"பாவம், அவரு களைச்சுப் போய் வந்துகீறாரு. மொதல்ல அவரை ஒரு வரி பேச வுட்டுடுங்க. அப்பால மைக் உங்களுது. எவ்ளோ நேரம் வேணாலும் பேசுங்க."

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்! என் மனைவி வாயாலேயே! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

மாசானம் மைக்கைப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச்சு வராது பாத்துக்கிடுங்க. எங்க வீட்ல பேசுதது எல்லாம் அவதான். முன்னாள் பாஸ்கெட்பால் வீராங்கனை, என் மனைவி சந்திரலேகா இப்பம் பேசுவா."

எனக்குக் காலுக்குக் கீழே மேடை நழுவியது.

அந்தம்மாள் பேசினார் பாருங்கள்! சிரிக்க வைத்தார், அழ வைத்தார். "நான் ஆடத் தொடங்குனப்ப எங்க ஊர்ல கம்பம் கெடையாது. வேப்பமரத்துல பழைய டயரைக் கட்டி அதுல பந்து போட்டேன். 'பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு'ன்னு அந்த டயரையும் அறுத்துப் போட்டாங்க. இன்னிக்கு இங்க சுத்திலும் காரு, லாரி, டயருன்னு இல்லாத கம்பெனி இல்ல. உங்க பொண்ணுங்களுக்கு ஒரு கம்பம் இல்லையா?"

பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சந்திரலேகா மதிவதனியை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு பந்தைக் கொடுத்து, எதிரே ஒரு கூடையைத் தூக்கிப் பிடித்தார். என் மகள் எறிந்தாள். உள்ளே விழுந்தது. மறுபடி எறிந்தாள். மறுபடி விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நானே எழுந்து கை தட்டிவிட்டேன். கார் ஷெட் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

அதற்குள் சங்கத் தலைவர் கன்னியப்பன் மைக்கைப் பிடுங்கி, "காலி மனை பொண்ணுங்களுக்கே! செயலாளரே எழுந்து கை தட்டிட்டாரு, அப்பறம் இன்னா?" என்று அறிவித்துவிட்டார்.

ஒருவழியாக மைக் என் கைக்கு வந்தது. மடித்து வைத்திருந்த பேச்சைப் பிரித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே..."

கீழேயிருந்து கலைமதியின் குரல். "பிரியாணி ரெடி!"

நாற்காலிகள் இழுபடும் சத்தம். தலை நிமிர்ந்தபோது எதிரே இருந்தது சவுண்ட் செட்காரர் மட்டும். அவரும் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பந்தியில் மாசானம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரக்கமாகப் பார்த்தார். "அண்ணாச்சி, எம் பேரை ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"பிரவீன்."

"பிரவீனுக்கு ஆரு சொன்னான்னு கேட்டியளா?"

பிரவீனைத் தேடினேன். அவன் இலையில் மட்டும் மூன்று லெக் பீஸ். பரிமாறிக்கொண்டிருந்தது கலைமதி.

"அடிப்பாவி! திட்டம் போட்டு என்னை ஏமாத்திட்டியே!"

கலைமதி என் இலையில் கொஞ்சம் தயிர்ப்பச்சடி வைத்தாள். "நானா? ஃபுட்பால்காரர் வேணவே வேணாம்னு தலைபாடா அடிச்சிக்கினேனே! அடம் புடிச்சு, காரு அனுப்பி, எங்க அக்காவைக் கூட்டினு வந்தது நீங்கதான்."