ஏழாவது நிமிடத்து மேடு

'அதெல்லாம் குமிழி' என்று சொல்லியே காலம் தள்ளும் ஒரு தனி ரகம் மனிதர்களில் உண்டு. நம்மவர் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் நுண்குழாய் மின்நிறப்பிரிகைக் கருவிக்கு அதிபதி. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். தலைமுடி அளவுக் கண்ணாடிக் குழாய். உள்ளே மாவு போன்ற பொடி. துளி மருந்தை விட்டு, இரு முனையிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால், கலந்திருப்பவை பிரிந்து ஒவ்வொன்றும் திரையில் ஒரு மேடாக எழும்பும். நடுவில் காற்றுக் குமிழி புகுந்தால் மின்னோட்டம் படுத்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

காலையில் வந்ததும் கருவியைத் தன் கைக்குட்டையால் துடைப்பார், வேறு யாரும் நெருங்காதபடி எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்வார், ஒரே மருந்தைப் பத்துத் தடவை ஓட்டுவார், அதில் எது கல்யாணப் போட்டோ மாதிரி லட்சணமாக இருக்கிறதோ அதை மட்டும் அறிக்கையில் ஒட்டுவார். மற்ற ஒன்பது? குமிழி!

அன்று வந்தது குழந்தைகளின் இருமல் மருந்து. சாயங்காலம் லாரி ஏற வேண்டும். பக்கத்து மேஜைப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள்.

"சார், ஏழாவது நிமிஷத்துல சின்னதா ஒண்ணு எழும்புதே? இருக்கக் கூடாதது ஏதோ இருக்கு."

"குமிழிம்மா."

"குமிழின்னா கரண்ட் விழணுமே சார்? அது நேராத்தானே போகுது. ஒன்பது தடவையும் அதே நிமிஷத்துலயா குமிழி வரும்?"

"இருபது வருஷமா இதோட குடித்தனம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அதனால்தான் பத்தாவது தடவை மருந்தின் அளவைக் குறைத்து விட்டார். மேடு அமுங்கியது, படம் பளிச்சென்று வந்தது.

"உங்க படம்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்றார் மேனேஜர். அப்படியேதான் போட்டார்.

மூன்று வாரம் கழித்து நம்மவர் மகளுக்கு இருமல். மனைவி புது பாட்டிலைத் திறக்கப்போக, அதை வாங்கி பேட்ச் எண்ணை இரண்டு தடவை படித்தார்.

"இது வேண்டாம். வேற கம்பெனி மருந்து வாங்கிட்டு வரேன்."

"ஏங்க, நீங்களே பாத்து அனுப்பினதுதானே?"

செருப்பை மாட்டினார். அந்த நேரத்தில் எத்தனை வீடுகளில் அதே மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்களோ!

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் சரிபார்த்து ஊருக்கு அனுப்புவது எதுவானாலும், உங்கள் பிள்ளைக்கும் அதையேதானே கொடுக்கிறீர்கள்?