பதினெட்டு வருஷ மல்லாட்டை அனுபவம்

அன்றைக்கு ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். இனிமேல் என் பெண்டாட்டியோடு சேர்ந்துதான் குடும்பம் நடத்துவது!

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது தானாக நடக்கிறது. எனக்கு ஏழு மாதமாக நடக்கவில்லை. என் மனைவி ஆரோக்கியசெல்விக்குத் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை. ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். சனிக்கிழமை விழுப்புரம் வருவாள். வந்ததும் வீட்டைப் பார்த்துத் திட்டுவாள். அப்புறம் என்னைப் பார்த்துத் திட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுவாள். மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. மற்ற நாளெல்லாம் திட்டுவதற்குக்கூட ஆளில்லாத வீடு. நானே பூட்டைத் திறந்து, "யாரு?" என்று நானே கேட்டு, "நான்தான்" என்று நானே சொல்லிவிட்டு உள்ளே போவேன்.

தினமும் படுக்கும் முன் அவளுக்குப் போன் போடுவேன்.

"செல்வி, நீ இல்லாம தூக்கமே வரலடி."

"ஃபேனைக் கூட்டி வைங்க."

"ஃபேன்ல இன்னாடி இருக்குது? மனசு பேஜாரா இருக்குது. விடிய விடிய கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு கெடக்கிறேன்."

"நெசமாவா? ஒரு கண்ணுகூட அசராதா?"

"மாதா சத்தியமா அசராது."

"உம்" என்றாள். எனக்காக உருகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வாயாலேயே ஒருநாள் தகவல் வந்தது. அவளுடைய விடுதிக்குக் கணக்கர் தேவையாம். மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவளிடம் மூச்சு விடாமல் வேலையை வாங்கி, நேராகப் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். பக்கத்து வீட்டு சீனுவாசனிடம் யோசனை கேட்டேன்.

"ஏஐ கிட்ட சொல்லுண்ணே, ரெஸ்யூம் சும்மா பளபளன்னு போட்டுக் குடுக்கும். எங்க மச்சான் பத்தாவது மூணு வாட்டி ஃபெயிலு. 'பத்தாம் வகுப்பில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்'னு எழுதிக் குடுத்துச்சு!"

"வேலை கெடச்சுதா?"

"வாத்தியார் வேலைக்கே கூப்புட்டாங்கண்ணே!"

அன்று சாயங்காலமே போனைக் கையில் எடுத்தேன். தட்டச்சு வராது. வாயால் சொன்னேன்.

"எம்பேரு சவுரிராயன்."

"அருமையான பெயர்!" என்றது ஏஐ. கல்யாணத்தன்று செல்வி, 'கூப்புடுறதுக்குள்ள வாய் வலிக்குது' என்றவள்.

"பதினெட்டு வருஷமா மல்லாட்டையில இருக்கேன். ஆளுங்களை வெச்சு ஒரு நாளைக்கு நூறு உருப்படியாவது கீழ எறக்கிடுவேன். கணக்கு எல்லாம் எங்கிட்டதான்."

"பிரமாதம்! மிகவும் வலிமையான பின்னணி!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மரியாதைக்கு, "நீ சாப்டியா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பசிக்காது. நீங்கள் சாப்பிட்டீர்களா?"

அந்த வீட்டுக்குள் அப்படி ஒரு குரல் என்னைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ப் பழைய ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ரெஸ்யூம் இங்கிலீஷில் வந்தது. பெயர் சரி. போன் நம்பர் சரி. ஆம்பளைக்கு அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது? அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் விடுதி ஆபீஸிலிருந்து போன். "சார், உங்களை செலக்ட் பண்ணிட்டோம். திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க."

மண்டி முதலாளி நடராசனிடம், "உங்க மல்லாட்டையும் வேணாம், அதோட தோலும் வேணாம்" என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பெட்டியும், செல்விக்குப் பிடிக்குமே என்று அவித்த மல்லாட்டையுமாகத் திண்டிவனத்தில் இறங்கினேன்.

விடுதி கேட்டில் செல்வியே நின்றாள். ஆச்சரியமே படவில்லை. கையில் ஒரு காக்கிச் சட்டை, ஒரு விசில்.

"தோளு சரியா இருக்குதான்னு போட்டுப் பாருங்க."

"கணக்கருக்கு எதுக்குடி காக்கி?"

"அந்த வேலைக்கு லேடீஸைப் போட்டுட்டாங்க. ரெஸ்யூம் எல்லாம் என் கையிலதான் மொதல்ல வரும், தெரியாதா? உங்களுதைப் படிச்சிட்டு மேனேஜர் அசந்துட்டாரு. மல் ஆட்டத்துல, அதான் குஸ்தியில, பதினெட்டு வருஷம். ஒரு நாளைக்கு நூறு பேரைக் கீழ தள்ளுவீங்களாமே!"

"ஐயோ, அது மல்லாட்டைடி! மூட்டைடி!"

"எனக்குத் தெரியாதா? மேனேஜர்கிட்ட அப்பவே உண்மையச் சொல்லிட்டேன். சார், இவரு மல்லும் இல்ல, ஆட்டமும் இல்ல. எலியப் பாத்தாலே கட்டில் மேல ஏறிக்குவாரு. ஆனா நைட் வாட்ச்மேனுக்கு இவரை விட்டா ஆளு கெடையாதுன்னேன்."

"ஏண்டி?"

"விடிய விடிய கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு இருப்பாரு சார், ஒரு கண்ணுகூட அசராதுன்னேன். மாதா சத்தியமா நீங்கதானே சொன்னீங்க?"

பெட்டியைக் கீழே வைத்தேன். மல்லாட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றாள்.

"போவட்டும் செல்வி. பகல்லயாவது ஒண்ணா இருக்கலாம்ல?"

"பகல்ல எனக்கு டூட்டி. நைட்டு எனக்குத் தூக்கம். உங்களுக்குக் கேட்டாண்ட ஷெட்டு இருக்குது."

உள்ளே போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டினாள். சாவி அவளிடம். விசில் என்னிடம்.

இப்போது கேட்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் ரூம் ஜன்னல் இங்கிருந்து தெரிகிறது. ஃபேன் சுற்றுவதுகூடத் தெரிகிறது. விழுப்புரத்தில் இருந்தபோதுகூட இவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று மனசுக்குத் தெரிந்ததுமே எனக்குத் தூக்கம் தூக்கமாக வருகிறது. கண் அசந்தால் போதும், போன் அடிக்கிறது.

"முழிச்சிக்கினுதானே இருக்கீங்க?"

"முழிச்சிக்கினுதான் இருக்கேன் செல்வி. சாப்டியா?"

வைத்துவிடுகிறாள்.

தலைக்கு மேல் போர்டு தொங்குகிறது: 'மாலை ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.' ஆறு மணிக்கு மேல் உள்ளே போகத் துடிக்கிற ஆண் இந்தத் திண்டிவனத்திலேயே ஒருத்தன்தான். அவனை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்!