மாப்பிள்ளை அணைத்து வைத்த சூடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமியார் ஆசியுடன் எழுதுவது. நானும் உங்கள் மனைவியும் நலம். விமானம்தான் நலமாக இல்லை. வேலைக்காகப் போன இடத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, பாக்கிறேன்" என்று வைத்துவிடுவீர்கள். எழுத்தில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். இதை உங்கள் மனைவி படம் பிடித்து அனுப்புவாள்.

கிளம்பும் முன் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஆளுக்கொரு கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக்கொடுத்தீர்கள். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லாமல் இருக்கட்டும் என்று செய்தீர்களாம். போகட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மா தம் மடிக்கணினியோடு இங்கே வருகிறார்கள். உறவினர் முன்னிலையில் நாங்கள் இருவரும் அந்தப் பெரிய மலையைத் தாண்டிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள். நானோ ஒவ்வொரு முறையும் பாதி மலையில் எஞ்சின் கொதித்து, புகை வந்து, முன்னால் சுற்றும் விசிறி நின்று, அதே ஆட்டுப்பட்டியின் பக்கத்தில் இறங்குகிறேன். ஆடுகளுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும். நேற்று உங்கள் அம்மா போனில், "என்ன சம்பந்தி, இன்னிக்கும் ஆட்டுப்பட்டியா? என்னோடது சூடே ஆகலையே. எல்லாம் கைப்பக்குவந்தான்" என்றார்கள்.

நான் போனை வைத்த வேகத்தைப் பார்த்து உங்கள் மனைவி சிரித்தாள்.

"கைப்பக்குவமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. முதல் நாள் எஞ்சின் நின்னதும் எங்க அத்தை கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. உடனே உன் மாப்பிள்ளை அவங்க விளையாட்டுல அந்தச் சூடாகிற கோளாறையே அணைச்சு வெச்சுட்டார்."

"எனக்கு ஏன் அணைக்கலை?"

"நீ அழலையே."

இயந்திரத்தின் முன்னால் நான் அழுவதில்லை. ஆகவே என் விமானத்திலும் அந்தக் கோளாறை அணைத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இருந்த இடத்திலிருந்தே உங்களால் முடியுமாம். இது சலுகை அல்ல, விதி இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான். ஆனால் அணைக்கும் முன் சிலவற்றை விளக்கினால் நல்லது, ஏனென்றால் இரண்டு நாளாக வேறு நினைப்பே ஓடவில்லை. நான் மாடிப்படியில் வேகமாக ஏறினால் எனக்கு வியர்க்கிறது, மெல்ல ஏறினால் வியர்ப்பதில்லை. இந்த எஞ்சினோ மூக்கைத் தூக்கி மெதுவாக ஏறும்போது கொதிக்கிறது, நேராக விரைந்து போனால் குளிர்ந்துவிடுகிறது, இது என்ன தலைகீழ் நியாயம்? என் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லாதீர்கள். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குப் பழக்கியது, வெளியே கிளம்பும் முன் கதவு, ஜன்னல், மேஜை இழுப்பறை எல்லாவற்றையும் மூடி, ஒருமுறை இழுத்தும் பார்க்க வேண்டும். விமானத்தையும் அப்படித்தான் சுற்றிப் பார்க்கிறேன். எஞ்சினுக்கு அடியில் இரண்டு சின்னக் கதவுகள் இருக்கின்றன. யார் வேலையோ, எப்போதும் திறந்தே கிடக்கின்றன. அவற்றை மூடாமல் நான் ஒருநாளும் கிளம்பியதில்லை. கணினிக்கும் நாலு மூலையிலும் பூ வேலை செய்து நானே தைத்த துணி போட்டு மூடியிருக்கிறேன். தூசி ஒரு துளி நுழையாது. இருந்தும் அது ஓடும்போதெல்லாம் மூச்சிரைக்கிறது. இதற்கு மேல் ஒரு இயந்திரத்துக்கு என்னதான் வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உத்தியோகத்தில் நீங்கள் உயர வேண்டும். பின்னாலேயே நானும் அந்த மலை உயரத்துக்காவது வந்துவிடுகிறேன்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
மாமியார்

பி.கு.: எழுதி முடித்துக் கணினியை அணைக்கப் போனேன். துணிக்கடியில் கை வைத்தால் சுட்டது. துணியை உருவினேன்; பின்பக்கத்து ஓட்டைகளிலிருந்து அனல் காற்று மணிக்கட்டில் அடித்தது, சற்று நேரத்தில் மூச்சிரைப்பும் அடங்கியது. இதற்கு வேண்டியது காற்றுதான் என்றால் எஞ்சினுக்கும் அதுதானோ என்று தோன்றியது. பிறகு உட்கார்ந்து, மனம் ஒப்பாமலேயே அந்தச் சின்னக் கதவுகளைத் திறந்தபடி விட்டுவிட்டு, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி ஏறினேன். சூடு காட்டும் முள் பாதியோடு நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருக்கிறது. உங்கள் அம்மா சொல்லவே இல்லை. ஆகவே மேலே கேட்டதைக் கேட்காததாகக் கொள்ளவும். என் சூட்டில் கை வைக்காதீர்கள். விதி இருவருக்கும் ஒன்று என்பதில் மட்டும் மாற்றமில்லை: ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் அம்மாவின் விமானத்தில் சூட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அவர்களை இப்போதுதான் போனில் விசாரித்தேன், "கிளம்பும்போது அந்தச் சின்னக் கதவையெல்லாம் என்ன செய்வீங்க சம்பந்தி?" என்று. "மூடிட்டுத்தான் போவேன். திறந்து போட்டுட்டா போவாங்க?" என்றார்கள். நல்ல பழக்கம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.