அலியார் நானாவின் கெமரா

இனி முசலிப் பக்கத்துக் கலியாணங்களுக்குப் படம் எடுக்கப் புத்தளத்திலிருந்து ஆள் வரத் தேவையில்லை என்று ஜுனைதீன் தீர்மானித்தான். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சொன்னால், கெமராவுக்குக் காசு ஏது என்று மனைவி நசீறா கேட்பாள்.

காசு அவளுடைய தையல் மெசினுக்கு வைத்த காசு. இடம்பெயர்ந்திருந்த காலம் முடிந்து மறிச்சுக்கட்டிக்குத் திரும்பி வந்து, காடு வெட்டித் தகரக் கொட்டில் போட்ட அன்றே வாக்குக் கொடுத்திருந்தான். கொழும்புக்குப் போனதும் மெசின் வாங்கத்தான். போன இடத்தில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒரு கெமரா அவனைப் பார்த்தது. அவனும் பார்த்தான். அவ்வளவுதான்.

மெசின் இல்லாமலே, பஸ்ஸில் வரும்போது ஒரு பொய்யைத் தைத்து முடித்தான்.

"கடையில மெசின் முடிஞ்சிட்டாம். பிறகு வருமாம்."

"அப்ப கழுத்தில தொங்கிறது என்ன?"

"இதுவா? டி.எஸ்.எல்.ஆர்."

"டி.எஸ். கந்தோர்ச் சாமானா? அரசாங்கச் சாமான் உங்களுக்கு என்னத்துக்கு?"

"கந்தோர் இல்ல, கெமரா! நம்மட அலியார் நானாட. அவர்ட வீட்டுக் கூரை ஒழுகுதாம், வச்சிருக்கச் சொல்லித் தந்தவர். நீ கை வைக்காத!"

ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அலியாரின் வீடு ஊரிலேயே முதலில் எழும்பிய கல்வீடு. அதன் கூரையில் ஒரு சொட்டு ஒழுகாது என்பது நசீறாவுக்குத் தெரியும். அவள் கை வைக்கவில்லை. முதலில் காதைத்தான் வைத்தாள்.

ஜுனைதீன் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று, அந்தக் கெமராவைப் பற்றி உலகம் என்ன சொல்கிறதென்று போனில் வாசிப்பான். வாங்கினவர்கள் தலையில் வைத்து ஆடினார்கள். விமர்சகன் ஒருவன் மட்டும் "நடுத்தரம்தான்" என்று எழுதியிருந்தான். அவனை ஜுனைதீன் அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து வகுப்பு எடுப்பான்.

"இருட்டில படம் புள்ளி புள்ளியா விழுமாம். அதுக்கு லென்ஸ்ட வாயத் திறந்து விடோணும்."

"ஆர்ட வாய?"

"லென்ஸ்ட! உன்ட வாய ஆரும் திறக்கத் தேவையில்ல."

நசீறா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவன் பயந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டைப் படம் எடுக்க ஓடிவிட்டான். படத்தில் ஆட்டுக்குத் தலை விழவில்லை. கோழியில் வால் மட்டும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சும்மா பார்த்துவிட்டுப் போக அலியார் நானா வந்தார். அவரிடம் பொய்யைச் சொல்லி வைக்க ஜுனைதீன் மறந்தே போயிருந்தான்.

நசீறா தேத்தண்ணியை நீட்டினாள். "நானா, உங்கட கெமராவ என்ன செய்யப் போறீங்க?"

"என்ட கெமராவா?"

அவள் முதுகுக்குப் பின்னால் ஜுனைதீன் ஒரு கண்ணை மூடினான். இரண்டையும் மூடினான். கண்ணில் மண் விழுந்தவன் போலத் தலையை ஆட்டினான். அலியாருக்குப் பாதி விளங்கியது.

"அது... கிடக்கட்டும் தங்கச்சி."

"தேவையில்லாட்டி எனக்குத் தாங்களன். சபூரா மாமிட மகள்ற கலியாணத்தில பொம்புளைகள்ட பக்கம் ஆம்புளைய விட மாட்டாங்களாம். என்னைத்தான் படம் எடுக்கக் கேட்டவ."

அலியார் தாராள மனசுக்காரர். தன்னுடையதல்லாத பொருள் என்றால் அந்தத் தாராளத்துக்கு எல்லையே கிடையாது.

"எடுத்துக்கோ தங்கச்சி! சும்மாவே தாறன்."

ஜுனைதீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். உண்மையைச் சொன்னால் மெசின் கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் கெமரா போகும். வாய் திறந்தது. மூடியது.

"ஏதும் சொல்லோணுமா?" என்று நசீறா அன்பாகக் கேட்டாள்.

"நானாக்குப் பெரிய மனசு... ஆனா உனக்கு இத இயக்கத் தெரியாதே!"

"நீங்க மீன் பிடிக்கக் கடலுக்குப் போற நேரமெல்லாம் எடுத்துப் பழகிட்டன்."

காட்டினாள். ஆடு தலையோடு நின்றது. கோழியின் கண் மணியாய் மின்னியது. அடுத்த படத்தில் ஜுனைதீன் பாயில் தூங்கிக் கிடந்தான். பல்லெல்லாம் எண்ணலாம்.

"கொட்டிலுக்குள்ள இருட்டு. அதான் லென்ஸ்ட வாயத் திறந்து விட்டனான். உங்கட வாய் தானாவே திறந்து கிடந்திச்சு."

அலியார் நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

கலியாணத்தன்று மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுபோய் இறக்கினான். உள்ளே போனவளைச் சுற்றி ஒரே "மாஷா அல்லாஹ்!" தன் கெமரா எப்படி இருக்கிறதோ என்று தாங்காமல் ஜுனைதீன் பெண்கள் பக்கத்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு கிழவி கையை விரித்து மறித்தாள்.

"ஆரு நீ?"

"கெமரா..." என்று இழுத்தான்.

கிழவி உள்ளே திரும்பிக் கத்தினாள்: "கெமராக்காரிய ஏத்தி வந்த பொடியன் பசியில நிக்கிறான், அந்த அடிச்சட்டிச் சோத்தக் கொண்டாங்கோ!"