அணில் கேட்க வைத்த மன்னிப்பு

என் வாழ்க்கையில் இரண்டே இரண்டு தடவைதான் பள்ளிக்கூட மேடையில் ஏறிப் பேசியிருக்கிறேன். இரண்டும் ஒரே பள்ளிக்கூடம். முதல் தடவை சொன்னது தப்பு என்று சொல்வதற்காகத்தான் இரண்டாம் தடவை போனேன். மூன்றாவதாக யாரும் கூப்பிடவில்லை. (நானாக இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.)

பெரம்பலூரில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. கண் பரிசோதிப்பேன், கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடம் புத்தகக் கண்காட்சிக்குப் போனபோது என் மகள் தமிழினிக்காகப் படம் போட்ட ஐந்து மெல்லிய புத்தகங்கள் வாங்கினேன். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. உன் உடம்பு உன்னுடையது, பிடிக்காதபடி யார் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்று ஒரு புத்தகம். நம்பிக்கையான பெரியவர்களிடம் எதையும் மறைக்காதே என்று ஒன்று. பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று இன்னொன்று. எல்லாம் குழந்தைகளுக்குப் புரிகிற சின்னச் சின்ன வரிகள்.

குழந்தைக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் தலைக்கேறிவிட்டது.

தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டியதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட ஆரம்பித்தேன். நாலு பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். உடனே ஒரு காதி ஜிப்பா வாங்கினேன். பழைய காலுறையில் பொத்தான் தைத்து ஒரு அணில் பொம்மை செய்தேன். கையில் மாட்டிக்கொண்டு பேசினால் அணில் பேசுவது போலவே இருக்கும் என்று நானே நம்பினேன். கடைக்கு வருகிறவர்களையும் விடவில்லை. எறையூரிலிருந்து கண் காட்ட வந்த ஒரு கரும்பு விவசாயியை நாற்காலியில் உட்கார வைத்துப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டவர் கடைசியில், "எல்லாம் சரிங்க தம்பி, எனக்கு அந்த நாலாவது வரிதான் தெரியல," என்றார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் முதல் புத்தகத்தை வாசித்து முடித்ததும் தமிழினி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, பெரியப்பா கன்னத்தக் கிள்றது எனக்குப் பிடிக்கலப்பா. வலிக்குது. இழுத்து வச்சுக்குறாங்க."

பெரியப்பா என்றால் என் பெரியம்மா மகன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருக்கிறார். என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி வைத்தவர். வெள்ளை மனசு, பெரிய கை. அந்தக் கையால்தான் பாசத்தைக் காட்டுவார். சொந்தத்தில் அவரிடம் கன்னம் சிவக்காத பிள்ளையே கிடையாது. நான் தமிழினியிடம், "சரிடா, அப்பா பேசிக்கிறேன்," என்றேன். பேசவில்லை. எப்படிப் பேசுவது? 'அண்ணே, என் பொண்ணைத் தொடாதீங்க' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொடுக்கும் வீடியோவைத்தான் அன்றைக்கும் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவரும் அண்ணன்தான். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி, சனிக்கிழமை காலை என் கதை நேரத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அவரே சிறப்பு விருந்தினர். நான் ஜிப்பா, அணில், ஐந்து புத்தகங்கள், தமிழினி சகிதமாக பஸ் ஏறினேன். மனைவி செல்வி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு டியூட்டி. (நல்லவேளை என்று அப்போது நினைக்கவில்லை.)

தகரக் கூரை போட்ட கொட்டகையில் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இருநூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதை நன்றாகவே போனது. அணில் சிரித்தது, அழுதது, பிள்ளைகளும் கூடவே சிரித்தார்கள். பிறகு மூன்று படிகளைச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்று சொல். அடுத்து அங்கிருந்து நகர்ந்து போ. மூன்றாவது, நீ நம்புகிற பெரியவரிடம் போய்ச் சொல். நான் கையை உயர்த்தினால் எல்லோரும் "வேண்டாம்! எனக்குப் பிடிக்கல!" என்று கத்த வேண்டும். ஐந்தாறு முறை கத்த வைத்தேன். கடைசி முறை கூரைத் தகரம் அதிர்ந்தது. தமிழினி மேடையில் என் பக்கத்தில் நின்று உள்ளங்கையை நீட்டி எப்படிச் சொல்வது என்று செய்து காட்டினாள். தலைமை ஆசிரியை கண் கலங்கிவிட்டார். எனக்கு ஜிப்பாவுக்குள்ளேயே நாலு அங்குலம் உயரம் கூடியது.

அடுத்து அண்ணனைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கி, "இது எங்க வூட்டுப் புள்ளைங்க," என்று பெருமையாக ஆரம்பித்தவர், ஒரு கையால் தமிழினியை இழுத்து அணைத்து, போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, மைக் பிடித்த கையின் இரண்டு விரலால் அவள் கன்னத்தைப் பிடித்தார்.

மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது.

"வேண்டாம் பெரியப்பா. எனக்குப் பிடிக்கல."

தெளிவாக, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பிள்ளைகள் பாவம், பயிற்சி இன்னும் முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். இருநூறு பேரும் சிறப்பு விருந்தினரைப் பார்த்து உள்ளங்கையை நீட்டி, "வேண்டாம்! எனக்குப் பிடிக்கல!" என்று கத்தினார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. போட்டோ எடுத்த ஆசிரியர் வீடியோவுக்கு மாறினார்.

அண்ணனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. தமிழினி இரண்டாம் படிக்குப் போனாள். அவர் கையை எடுத்துவிட்டு நகர்ந்தாள். மூன்றாம் படியாக நேரே என்னிடம் வந்து, "அப்பா, பெரியப்பா கிள்றாங்கப்பா," என்றாள்.

புத்தகத்தில் இருந்தபடியே செய்தாள். ஒரு படி பிசகவில்லை. அவள் நம்புகிற பெரியவர் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

நான் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது. தலைமை ஆசிரியை எழுந்து நின்றுவிட்டார். என் கல்யாணம், சொந்தபந்தம், நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் வரிசையாக வந்து போனது. எட்டி மைக்கை வாங்கினேன். மறு கையில் அணில் இருந்தது. கழற்ற மறந்துவிட்டேன். அணிலின் மூக்காலேயே அண்ணனைக் காட்டி, "தமிழினி, தப்பு. பெரியப்பாகிட்ட சாரி சொல்லு," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அணிலைத்தான் பார்த்தாள். பிறகு உதடு கோணி, "சாரி பெரியப்பா," என்றாள். மைக்கில் அதுவும் நன்றாகவே கேட்டது.

முன்வரிசைக்குப் பின்னால், இரட்டைச் சடை போட்ட நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"சார், அப்ப நம்ம வூட்டுல உள்ளவங்கன்னா சொல்லக் கூடாதுங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஐந்து புத்தகத்திலும் இருந்தது, கொட்டை எழுத்தில். நான் சொன்ன பதில் இது: "அது... பெரியவங்க பாசத்துல செய்யறதும்மா. அது வேற."

"சரிங்க சார்," என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த 'சரிங்க சார்' இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

அவசர லோடு என்று சொல்லிவிட்டு அண்ணன் சாப்பிடாமலே கிளம்பிப் போனார். திரும்பி வரும் பஸ்ஸில் தமிழினி என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் யாரோ ஒரு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேரளி தாண்டுகிறவரை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். முறுக்கு வேண்டுமா, கடலை வேண்டுமா என்று கேட்டேன். கடைசியில் சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு, "என்னடி உம்மணாமூஞ்சி," என்றேன். அவள் பையைத் திறந்து, பட்டப்பெயர் பற்றிய புத்தகத்தை எடுத்து, சீட்டுக்கு மேலாக நீட்டி என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தமிழினி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செல்வி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து அதற்கேற்ற நியாயங்களைத் தயாராக வைத்திருந்தேன். அவள் போடவில்லை. பிள்ளை வெளியே விளையாடப் போனபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாளைக்கு நெஜமாவே எவனாச்சும் ஏதாவது பண்ணா, இவ உங்ககிட்ட வந்து சொல்லுவான்னு நெனைக்கிறீங்களா?"

என் நியாயங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

தமிழினியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜிப்பா இல்லாமல், அணில் இல்லாமல் கேட்டேன். அவள் "ம்" என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போய்ச் சொல்லப் போகிறேன், நீயும் வருகிறாயா என்றேன். "வேண்டாம்," என்றாள். கட்டாயப்படுத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கடையைச் சாத்திவிட்டுத் தனியாகப் போனேன். காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை இரண்டு நிமிடம் கொடுத்தார். முகத்தில் முன்பிருந்த உருக்கம் இல்லை. போன வாரம் என் மகள் செய்ததுதான் சரி, நான் செய்தது தப்பு, வீட்டில் உள்ளவர்களாக இருந்தாலும் பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், ஒரு பெரியவர் கேட்காவிட்டால் கேட்கிறவர் கிடைக்கும்வரை அடுத்தவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். யாரும் கத்தவில்லை, கைதட்டவும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அந்த இரட்டைச் சடைப் பெண்ணைத் தேடினேன். நாலாம் வகுப்பு வாசலில் தன் மிஸ்ஸுடன் நின்றிருந்தாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பும்மா என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். நீங்க போனவொடனே எங்க மிஸ் சொல்லிட்டாங்க. அந்த சார் பதட்டத்துல ஒளறிட்டாரு, அத மனசுல வச்சுக்காதீங்கன்னு."

மிஸ் வேறெங்கோ பார்த்தார். எனக்கு வந்த நிம்மதிக்கு அவர் காலில் விழுந்திருப்பேன். ஏன் அப்படிக் கேட்டாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளுடைய சித்தப்பா மூச்சு முட்டுகிறவரை கிச்சுக்கிச்சு மூட்டுவாராம், அழுதாலும் விட மாட்டாராம். மிஸ் சொன்னபிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாராம். இப்போது மூட்டுவதில்லையாம். நான் அடைத்துவிட்டுப் போன கதவை அந்த மிஸ் பத்தே நிமிடத்தில் திறந்திருக்கிறார், அணில் எதுவும் இல்லாமல்.

அண்ணனிடம் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரே கடைக்கு வந்தார். கண்ணாடி ஆடுகிறது என்று கழற்றி மேஜையில் வைத்தார். அதில் எந்தத் திருகும் தளரவில்லை. இருந்தாலும் நான் முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"புள்ள சொன்னப்ப சுருக்குன்னுதான்டா இருந்துச்சு," என்றார். "அத்தன புள்ளைங்களும் சேந்து கத்துனப்ப லாரிக்கு அடியில போயிப் படுத்துக்கலாமான்னு தோணுச்சு. ஆனா அதுக்காக நான் சாப்புடாம போவல. எனக்காவ நீ அந்தப் புள்ளைய அழுவ வச்ச பாரு, அதத்தான் பாக்க முடியல. புடிக்கலன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா," என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னை நேராகப் பார்த்தார். நான் கையில் இருந்த திருப்புளியைப் பார்த்தேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் இப்போதெல்லாம் குழந்தைகளைப் பார்த்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "கிள்ளலாங்களா?" என்று கேட்கிறார். எல்லாப் பிள்ளைகளும் வேண்டாம் என்கின்றன. கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார். எங்கள் சொந்தத்தில் எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்திக்கு முன் இந்தக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். அண்ணன் சொன்னால் ஆயிரம் பிள்ளைகள் வருவார்கள். செல்வி சொன்னால் நான் மேடையிலேயே மயங்கி விழுந்திருப்பேன். எனக்கு 'அணில் சார்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், இன்னும் சிரிக்கிறார்கள்.

இருப்பதிலேயே நன்றாகச் சொல்வது தமிழினிதான். பெரியப்பா மாதிரி மைக் பிடிப்பாள், இருநூறு பேர் குரலில் கத்துவாள், கூரைத் தகரம் அதிர்ந்ததையும் விட மாட்டாள். ஆனால் அந்தக் கூச்சலோடு கதையை முடித்துவிடுவாள். நான் மைக்கை வாங்கியது அவள் சொல்லும் கதையில் வருவதே இல்லை.

போன மாதம் ஒரு விசேஷ வீட்டிலிருந்து திரும்பும்போது, ஏன்மா அதற்குமேல் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன்.

"அதுக்கு யாருக்கும் சிரிப்பு வராதுப்பா," என்றாள்.